சோலைமந்தியைப் பார்க்க எந்த மாதம் நல்லது?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் யாரிடம் கேட்டாலும், எந்த மாதம் எந்தப் பூ வரும் என்று காலண்டர் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறையும், விலை எகிறும். வெயில் ஏற ஏற வரத்து கூடும், விலை இறங்கும். தை மாத முகூர்த்தத்துக்குப் பூ வாங்கப் போனவர்கள் விலையைக் கேட்டுவிட்டு முழக்கணக்கைக் குறைத்துக்கொண்டு வருவது ஊரில் பழகிய காட்சி. மனிதர்கள்தான் முகூர்த்தம் பார்க்கிறார்கள். செடி பார்ப்பதில்லை!

காட்டுக்கும் இதே மாதிரி ஒரு வரத்துக் கணக்கு உண்டு. எந்த மாதம் எந்த மரம் பூக்கும், எது காய்க்கும், எது சும்மா நிற்கும் என்ற கணக்கு. காட்டு விலங்கைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை. "லீவு எப்போ? மழை இருக்குமா? பஸ் உண்டா?" என்ற மூன்று கேள்வியோடு கிளம்பிவிடுகிறார்கள். விலங்கு கண்ணில் படாவிட்டால், "அங்கே ஒண்ணுமே இல்லப்பா" என்று ஊருக்கு வந்து சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஆப்பிரிக்காவில் காட்டுச் சிம்பன்சிகளை நடந்துபோய்ப் பார்க்க எது நல்ல சீசன் என்று தேடினால், எல்லா சுற்றுலாப் பக்கங்களும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: மழை இல்லாத மாதங்கள். உகாண்டாவின் கிபாலே காட்டுக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரை, அதை விட்டால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. தான்சானியாவின் மகாலே மலைக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை. பதில் தப்பில்லை. பாதை காய்ந்திருக்கும், வழுக்காது, நடப்பது சுலபம். ஆனால் உற்றுப் பார்த்தால், இது நடக்கிறவரின் காலுக்குச் சொல்லப்பட்ட சீசன். சிம்பன்சிக்கு எந்த மாதம் எப்படி என்று இதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஜேன் குடால் என்ற இங்கிலாந்துப் பெண்மணியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரில் தமது 91-வது வயதில் மறைந்தார். தான்சானியாவில் டாங்கனிக்கா ஏரிக்கரையில் உள்ள கோம்பே காட்டுக்கு 1960 ஜூலை 14 அன்று வந்து இறங்கினார். அங்கே அது நல்ல வறண்ட காலம். நடக்க அருமையான மாதங்கள். ஆனால் அவரைக் கண்டாலே சிம்பன்சிகள் ஓடின. மாதக்கணக்கில் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்ததுதான் மிச்சம். உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த காட்சி அவருக்குக் கிடைத்தது நவம்பர் தொடக்கத்தில். ஒரு சிம்பன்சி கரையான் புற்றின் பக்கத்தில் உட்கார்ந்து, புல் தண்டைத் துளைக்குள் விட்டு, அதில் கவ்விக்கொண்டு வந்த கரையானை உதட்டால் உருவித் தின்றது. கருவி செய்யத் தெரிந்த ஒரே பிராணி மனிதன்தான் என்று அதுவரை புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அன்றோடு அது முடிந்தது.

ஏன் நவம்பர்? அங்கே மழை தொடங்குகிற மாதம் அது. மழை வந்தால் புற்றுக்குள் ஈசல் கிளம்பத் தயாராகும். மண்ணும் இளகும். புற்றில் மேல்பக்கம் வாசல்கள் திறக்கும். இதைத் தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. முதல் மழைக்கு மறுநாள் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதும், பெரியவர்கள் "அந்தக் காலத்தில் பிடித்து வறுத்துத் தின்போம்" என்று சொல்வதும் எல்லா வீட்டிலும் உண்டு. அதிலும் சங்கரன்கோவிலில், புற்றுமண்ணே கோயில் பிரசாதம்! அந்த ஊர்க்காரருக்கு ஒரு சிம்பன்சி புற்றருகே உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்வது கஷ்டமாக இருக்காது.

ஆக, நடக்க நல்ல மாதம் ஒன்று. பார்க்க நல்ல மாதம் இன்னொன்று. இது முதல் பாடம்.

சரி, ஆப்பிரிக்கா இருக்கட்டும். விமானச் செலவையும் காட்டு அனுமதிச் சீட்டின் விலையையும் கூட்டிப் பார்த்தாலே ஆசை பாதி அடங்கிவிடும். இந்தியக் காடுகளில் சிம்பன்சி கிடையாது. வாலில்லாக் குரங்கு வகையில் இந்தியாவில் உள்ளது கிப்பன் மட்டும்தான். அதைப் பார்க்க அஸ்ஸாம் பக்கம் போக வேண்டும். ஆனால் மழை பெய்து வானம் துடைத்துவிட்ட ஒரு காலையில் சங்கரன்கோவிலின் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி மேற்கே பாருங்கள். நீலமாக ஒரு சுவர் தெரியும். அந்தத் தொடர்ச்சி மலையின் காடுகளைத் தவிர உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத ஒரு குரங்கு அங்கே இருக்கிறது. சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள்.

பெயரைக் கேட்டதும், "குரங்குதானே, குற்றாலத்தில் பார்க்காத குரங்கா?" என்று தோன்றும். அங்கேதான் குழப்பமே. குற்றாலத்தில் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது நாட்டுக் குரங்கு. பழுப்பு உடம்பு, தலையில் வகிடெடுத்துத் தொப்பி வைத்த மாதிரி மயிர். அது மலையடிவாரம், கோயில், பேருந்து நிலையம் எல்லா இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது கருமந்தி. உடம்பெல்லாம் கறுப்பு, தலைமயிர் மட்டும் செம்பழுப்பு, நீண்ட வால். இலை தின்னி. காலையில் மலையே அதிரும்படி கூப்பிடும். "கருங்குரங்கு லேகியம்" என்ற பெயரில் முன்பு ஏகமாக வேட்டையாடப்பட்ட பாவப்பட்ட ஜீவன். மூன்றாவதுதான் சோலைமந்தி. இதுவும் கறுப்புதான். ஆனால் முகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பிடரி. வால் குட்டை, நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம். முகத்தைப் பார்த்தால் ஏதோ யோசனையில் இருக்கும் தாத்தா மாதிரி இருக்கும்.

தமிழுக்கு இந்த வித்தியாசமெல்லாம் புதிதில்லை. ஆண் குரங்கைக் கடுவன் என்றும் பெண் குரங்கை மந்தி என்றும் பிரித்துச் சொன்ன மொழி இது. குரங்கு வேறு, முசு வேறு, ஊகம் வேறு என்று தொல்காப்பியத்திலேயே தனித்தனியாகப் பெயர் இருக்கிறது. இடையில்தான் எல்லாம் "குரங்கு" என்று ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிட்டது.

சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டும் வாழ்கிறது. தெற்கே களக்காடு மலையிலிருந்து வடக்கே கர்நாடகத்தின் சராவதி ஆற்றுப் பக்கம் வரை அங்கங்கே துண்டு துண்டாக. காட்டில் உள்ளவை மொத்தமே சில ஆயிரங்கள்தான். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று நடந்த போராட்டத்தின் முகமாக இருந்ததும் இந்தக் குரங்குதான். 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்காகவே என்று சொல்லும்படி 1976-ல் களக்காடு சரணாலயம் வந்தது. 1962-ல் ஏற்பட்ட முண்டந்துறை சரணாலயத்தோடு சேர்த்து 1988-ல் அது களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. தாமிரபரணியும், அதில் வந்து சேரும் சேர்வலாறும் மணிமுத்தாறும் பச்சையாறும் பிறக்கிற மலை அது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் இந்தக் குரங்கு தாவுகிற சோலைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். எந்த மாதம்?

முதலில் மந்தியின் வரத்துக் கணக்கு. 1970-களில் இந்தத் தென்கோடி மலையில் தங்கி சோலைமந்தியைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள். அவர்கள் கண்டதும், பிறகு வந்தவர்கள் உறுதி செய்ததும் இதுதான்: இந்தக் குரங்கின் வாழ்க்கையில் ஒரு மரம் மிக முக்கியம். வெடிப்பலா. நம்மூர்ப் பலா இல்லை. துரியன் பழத்துக்குச் சொந்தக்காரன். முள்ளு முள்ளாக உருண்டைக் காய். பூ இலைக் கொத்தின் நுனியில் வராது, கிளையிலேயே ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக வரும். அந்தப் பூவில் சதைப்பற்று உண்டு. மந்தி பூவையும் தின்னும், காயை உடைத்து விதையையும் தின்னும். வெடிப்பலா பெரும்பாலும் பூக்கிறது ஆண்டின் முதல் மாதங்களில், மற்ற பழங்கள் காட்டில் குறைந்திருக்கிற சமயத்தில். அதாவது கடையெல்லாம் அடைத்திருக்கும்போது திறந்திருக்கிற ஒரே மளிகைக்கடை! சோலைமந்தி மட்டுமல்ல, கருமந்தி, மலையணில், வௌவால் என்று காடே அங்கே வரிசையில் நிற்கும்.

ஒரு கூட்டத்தில் பத்து முதல் இருபது மந்திகள் வரை இருக்கும். அவை சுற்றிவர வேண்டிய காடு பல சதுர கிலோமீட்டர். எந்த மரம் பழுத்திருக்கிறதோ அங்கே போகும். பழம் தீர்ந்தால் அடுத்த மரம். அதனால் "இந்த இடத்தில் நின்றால் தெரியும்" என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. பூத்த மரம் எது என்று தெரிந்தவருக்கு மட்டும் ஓரளவு தெரியும்.

இனி மலையின் கணக்கு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். சங்கரன்கோவிலில் மேல்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். குற்றாலத்தில் அருவி கொட்டும். ஊரே அந்தப் பக்கம் போகும். ஆனால் மலைமேல் சோலைக்குள் மூடுபனி இறங்கிவிடும். நாலு மரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. சோலைமந்தி தரைக்கு அதிகம் இறங்காத பிராணி, மர உச்சியிலேயே நடமாடும். அண்ணாந்து பார்த்தால் கண்ணில் மழைத்துளிதான் விழும். காலில் அட்டை ஏறும். பைனாகுலர் கண்ணாடி வியர்த்துப்போகும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தாமிரபரணி மலைக்கு இதுதான் பெரிய மழை. மாஞ்சோலைக்கு மேலே உள்ள காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து எல்லாம் தமிழ்நாட்டில் அதிக மழை பெய்கிற இடங்களின் பட்டியலில் தவறாமல் வருபவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தென்மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு ஊருக்குள் வந்தது. அடிவாரத்திலும் கடற்கரையிலும் அப்படி என்றால், அந்த நாளில் மலைப்பாதையில் நின்றவன் கதி என்ன? இந்த மாதங்களில் மலையேறுவது தைரியம் இல்லை, அறியாமை.

பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை தீக்காலம். வெடிப்பலா பூத்து, மந்திக்கூட்டம் அதைச் சுற்றி நிற்கக்கூடிய அருமையான நேரம் இது. மழை இல்லை, அட்டை இல்லை, வானம் தெளிவு. "அப்போ இதுதானே நல்ல சீசன்?" என்று கேட்டால், இல்லை. சோலைக்குப் போகிற வழியில் புல்வெளி இருக்கிறது. வெயிலில் அது காய்ந்து சருகாகிக் கிடக்கும்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சுற்றி வளைத்தது. 23 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், வார விடுமுறைக்கு வந்தவர்கள். அன்று மழை இல்லை, வானம் தெளிவு, நடக்க அருமையான காலநிலை. எந்தச் சுற்றுலாப் பக்கமும் "நல்ல சீசன்" என்று சொல்லக்கூடிய நாள்தான் அது. புல்வெளிச் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் அதை முந்த முடியாது. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்வதற்கு அந்த 23 பேரின் உயிர் விலையாகப் போனது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலமாக 40 பாதைகளில் வழிகாட்டியோடு, இணையத்தில் முன்பதிவு செய்து போகிற திட்டம் வந்தது. தீக்காலத்தில் அந்தப் பாதைகளையும் மூடிவிடுகிறார்கள். "இப்போதான் வெயில் நல்லா இருக்கு, ஏன் மூடுறாங்க?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் குரங்கணியை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும்.

மே மாதம்? பள்ளி, கல்லூரி விடுமுறை. கோடை மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் மேலே பெய்த மழையில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே பெய்ததைப் பார்த்திருக்க முடியாது.

கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது என்ன? ஜனவரியும் பிப்ரவரியின் முதல் பாதியும். பொங்கல் கழிந்து ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டிருக்கும். புல் இன்னும் முழுசாகக் காய்ந்திருக்காது. வெடிப்பலா பூக்கத் தொடங்குகிற நேரம். காலையில் பனி விலகியதும், ஏழு மணியிலிருந்து ஒன்பது, பத்து மணி வரை மந்திகள் இரை தேடும். மதியம் ஓய்வு. சாயங்காலம் மறுபடி. அதுவும் புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. புலிக் கணக்கெடுப்பு நாட்களில் மூடியிருக்கும். வருடத்தில் 365 நாள். எல்லாக் கணக்கும் ஒத்துவருகிற நாட்கள் நாற்பது, ஐம்பது கூட இல்லை.

இவ்வளவு எதற்கு, வால்பாறைக்குப் போனால் ரோட்டோரத்திலேயே பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில் எந்த மாதம் போனாலும் அநேகமாகப் பார்த்துவிடலாம். சீசனே தேவையில்லை. ஆனால் ஏன் அப்படி என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நூறு வருடத்துக்கு முன்பு ஆனைமலை மேலே இருந்த மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். நடுவில் அங்கங்கே தீவு மாதிரி காட்டுத் துண்டுகள் மிஞ்சின. புதுத்தோட்டத்துத் துண்டு சுமார் 90 ஹெக்டேர். பல சதுர கிலோமீட்டர் கேட்கிற கூட்டங்கள் அந்த 90 ஹெக்டேருக்குள் மாட்டிக்கொண்டன. தீவுக்குள் தொகை பெருகியது, வெடிப்பலா பெருகவில்லை. மரத்திலிருந்து இறங்காத பிராணி தரைக்கு இறங்கியது. ரோட்டைக் கடந்தது, வண்டியில் அடிபட்டது. வீட்டு ஓட்டைப் பிரித்துச் சமையலறைக்குள் போனது. குப்பைத்தொட்டியைக் கிளறியது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர் அங்கே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மந்தி கடக்கும்போது வண்டிகளை நிறுத்தக் காவலர்களை வைத்தார்கள். அதனால் பல உயிர்கள் தப்பின. ஆனாலும் அந்தக் கூட்டம் எளிதில் கண்ணில் படுவதற்குக் காரணம் அதற்குப் போக்கிடம் இல்லை என்பதுதான்.

இங்கேதான் இரண்டாவது பாடம் இருக்கிறது. காட்டு விலங்கு சுலபமாகத் தெரிகிறது என்றால் அதைப் பார்த்தவருக்கு அதிர்ஷ்டம். அந்த விலங்குக்கு அநேகமாக ஏதோ கஷ்டம். நன்றாக இருக்கிற சோலைமந்தி சுலபத்தில் தெரியாது.

இதை மாற்ற மனிதர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு. வாழைப்பழம்! கோம்பேயில் ஜேன் குடாலே அதைச் செய்தார். சிம்பன்சிகளை அருகில் வரவைக்க 1960-களில் முகாமில் வாழைப்பழம் வைத்தார்கள். வந்தன. கூடவே சண்டையும் வந்தது. காட்டில் சிதறித் தின்கிறவை ஒரே இடத்தில் கூடி அடித்துக்கொண்டன. முதலில் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளருக்கே அது தப்பாகப் போனது என்றால், காரை நிறுத்தி ஜன்னல் வழியே சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுகிறவருக்கு என்ன சொல்வது? கையில் வாங்கித் தின்னப் பழகிய மந்தி, அடுத்த வண்டியையும் நம்பி ரோட்டுக்கு வரும். எல்லா வண்டியும் நிற்காது.

இன்னொன்று, சளி. சாதாரணச் சளிதானே என்று நினைப்போம். 2013-ல் உகாண்டாவின் கிபாலே காட்டில் கன்யவாரா என்ற இடத்துச் சிம்பன்சிக் கூட்டத்துக்கு மனிதருக்கு ஜலதோஷம் தருகிற வைரஸ் தொற்றியது. ஐந்து சிம்பன்சிகள் இறந்தன. மனிதனுக்கு இரண்டு நாள் மூக்கொழுகல், அதற்கு மரணம். அதனால்தான் இப்போது அங்கே முகக்கவசம், இத்தனை அடி தூரம், ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்றெல்லாம் கண்டிப்பாக இருக்கிறார்கள். தும்மல் வந்தவரை உள்ளேயே விடுவதில்லை. சோலைமந்தியும் மனிதனுக்குத் தூரத்துச் சொந்தம்தான். காய்ச்சலோடு காட்டுக்குப் போகாமலிருப்பதும் சீசன் பார்ப்பதில் ஒரு பகுதி.

மலையில் இருந்த மனிதர்களையும் சொல்லாமல் விட முடியாது. மாஞ்சோலை மலை 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்குப் போய் தேயிலைத் தோட்டமானது. நாலு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களுக்கு எந்த மரத்தில் எப்போது மந்தி வரும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024-ல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டு அவர்கள் மலையிறங்க வேண்டி வந்தது. காடு காடாகத் திரும்பட்டும் என்பது ஒரு நியாயம். பிறந்த மண்ணை விட்டு எங்கே போவது என்பது இன்னொரு நியாயம். இரண்டையும் ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஆனால் அவர்களோடு ஒரு காலண்டரும் மலையிறங்கிவிட்டது. அதை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தால் நல்லது. அந்தந்தக் காட்டுக் காணிமக்களிடம் இருக்கிற காலண்டர் அதைவிடப் பழையது.

சரி, அப்படிப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். பச்சை அல்லது மண் நிறச் சட்டை போதும். திருவிழாச் சட்டை வேண்டாம். செல்போனில் பாட்டு வேண்டவே வேண்டாம். வழிகாட்டி "இன்னைக்கு வேண்டாம்" என்றால் அன்று வேண்டாம்; காசு கட்டியாச்சே என்று மல்லுக்கட்டக் கூடாது. மந்தியைத் தேடி ஓடாமல், பூத்த மரம் ஒன்றைக் கண்டு தள்ளி உட்கார வேண்டும். கீழே கடித்துப் போட்ட பூவும் காய்த்தோலும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே கிளை அசைகிறதா என்று கேட்க வேண்டும். ஆம், பார்ப்பதற்கு முன்னால் கேட்கத்தான் வேண்டும். கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாம் கொண்டுபோனவரோடே திரும்ப வேண்டும்.

இவ்வளவும் செய்தும் ஒன்றும் தெரியாமல் திரும்ப நேரலாம். அப்போது கோபம் வரும். வரும்போது சங்கரன்கோவில்காரர்கள் தங்கள் ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளலாம். ஆடித்தபசு அன்று கோமதி அம்மன் தபசு மண்டபத்தில் நிற்கிறாள். சங்கரனும் நாராயணனும் ஒன்றாகத் தெரிகிற காட்சியைப் பார்க்க வேண்டும் என்பது அவள் வேண்டுதல். அம்மனே காத்துத்தான் நிற்கிறாள். சுற்றி லட்சக்கணக்கான ஜனம், வெயிலில், நெரிசலில், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்தச் சாயங்காலக் காட்சிக்காகக் காத்து நிற்கிறது. "ஏன் இன்னும் சாமி வரவில்லை, காசைத் திருப்பிக் கொடு" என்று யாரும் கேட்பதில்லை. காத்திருப்பதும் சேர்ந்ததுதான் தபசு என்று அந்த ஊர்க் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

அதே பொறுமையில் பாதி மலைக்கும் எடுத்துக்கொண்டு போனால் போதும். தை பிறந்து, மல்லிகை விலை உச்சத்தில் இருக்கும் நாட்களில் ஒரு காலையில் கிளம்பலாம். பூ மார்க்கெட்டில் வரத்து குறைந்திருக்கும் அதே நாட்களில், மேற்கே அந்த நீலச் சுவருக்குள் வெடிப்பலா மொட்டு விட்டுக்கொண்டிருக்கும்.